மதுரைச் சீமையின் பழைய துப்பாக்கிகள்

பாளையக்காரர் காலத்தில் மதுரையைச் சுற்றிய சீமைகளில் வேலும் வளரியும் மட்டுமல்ல, துப்பாக்கியும் புழங்கியது. பாளையத்து வீரர்களிடம் இருந்தது பெரும்பாலும் திரித்துப்பாக்கி. எரியும் திரி பட்டால் மருந்து வெடிக்கும். கம்பெனிப் படையிடம் இருந்ததோ சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கும் மஸ்கட். பொதுவாக இவற்றின் குழலுக்குள் சுருள் பள்ளம் கிடையாது. ஆகவே இவை ரைபிள் அல்ல. (விற்பவர்கள் என்னவோ எல்லாவற்றையும் ரைபிள் என்றுதான் சொல்வார்கள்!)

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. தப்பியவற்றுக்கு 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் கேட்டது. எனவே 'பாளையத்துத் துப்பாக்கி' என்று ஒன்று விலைக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது.

சேகரிப்பவர் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, முத்திரையை. கம்பெனி மஸ்கட்டின் விசைத் தகட்டில் ஆரம்பத்தில் இதய வடிவக் குறி இருந்தது. 1808-ஐ ஒட்டித்தான் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது. சிங்க முத்திரையைக் காட்டி "மருது பாண்டியர் போரில் பிடிபட்டது" என்று யாராவது சொன்னால் அந்தக் கதை பொய். துரு போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் போகும், விலையும் போகும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. சுடக்கூடியதைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டும். நூறு வருடம் தாண்டியதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.