கழியூதா

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் மாட்டும் எல்.இ.டி. விளக்குகளில் பல, அறையையே ஊதாவாக்கிவிடும். அதைப் பார்த்து ‘இது புற ஊதா விளக்கு’ என்று நம்புகிறவர்கள் நிறைய. சிவப்பும் நீலமும் கலந்து கண்ணில் உண்டாக்கும் நிறம் அது. உண்மையான புற ஊதா கண்ணுக்கே தெரியாது. இந்த மயக்கத்துக்கு வழிவிட்டது பெயர்தான்.

1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பாலும் வெப்பம் இருப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர் எதிர்முனையைத் தேடினார். வெள்ளி குளோரைடு பூசிய தாளை நிறமாலையில் வைத்தார். ஊதா பட்ட இடம் கருத்தது. ஒளியே தெரியாத அதற்கடுத்த இடம் இன்னும் விரைவாகக் கருத்தது. ‘ஆக்சிஜன் நீக்கும் கதிர்கள்’ என்று பெயரிட்டார். பிறகு நெடுநாள் ‘வேதிக் கதிர்கள்’ என்றே வழங்கின. அந்தப் பெயர்கள் கதிர் செய்யும் வேலையைச் சொல்லின. கடைசியில் நிலைத்த அல்ட்ராவயலட் இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது: வயலட்டுக்கு அப்பால்.

நாம் அதைப் புற ஊதா ஆக்கினோம். ஊதா உருதுவிலிருந்து வந்த சொல், ‘புற’ நம்முடையது. மறுமுனைக்கு அகச்சிவப்பு என்று பெயர் வைத்தபோது அகம், புறம் என்ற இணை அழகாக அமைந்தது. ஆனால் இரு கதிர்களுமே கண்ணுக்குத் தெரியும் நிறங்களுக்கு வெளியே இருப்பவை. சிவப்புக்கு ‘அகம்’ பொருந்தவில்லை. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் கழியூதா என்ற சொல்லே எனக்கு நெருக்கமானது. ஐந்து சீர் கொண்டது நெடிலடி; அதையும் மிஞ்சினால் கழிநெடிலடி. ஊதாவை மிஞ்சியது கழியூதா. யாப்பு படித்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

செடிக்குள்ளும் ஒரு பெயர் இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு மரபணு பழுதானபோது, அது புற ஊதா-பி என்ற வகைக் கதிரைத் தாங்காமல் துவண்டது. ஆகவே ‘புற ஊதாவைத் தாங்கும் திறன்’ என்ற பொருளில் அந்த மரபணுவுக்கு யு.வி.ஆர்.8 என்று பெயரிட்டார்கள். அது உருவாக்கும் புரதமே அந்தக் கதிரை உணர்கிறது என்பது 2011இல் உறுதியானது. இருளில் இரண்டிரண்டாக இணைந்திருக்கும் இந்தப் புரதம், கதிர் பட்டதும் பிரிகிறது. அதன் பின் செடி, தன்னைக் காக்கும் நிறமிகளைக் கூடுதலாக உண்டாக்குகிறது. சிவப்பு லெட்யூஸ் வீட்டுக்குள் வளரும்போது வெளிறிப் பச்சையாவதற்கு இந்தக் கதிர் கிடைக்காததும் ஒரு காரணம். ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் உள்ள நானோமீட்டர் எண்ணைப் பாருங்கள். 395 என்றிருந்தால் அது புற ஊதா-ஏ, யு.வி.ஆர்.8 அதற்கு அசையாது. அந்தப் புரதத்துக்கு வேண்டியது 280 முதல் 315 வரை உள்ள புற ஊதா-பி, அதுவும் கொஞ்ச நேரம், குறைந்த அளவில். மிகுந்தால் இலை கருகும். 280க்குக் கீழே உள்ள புற ஊதா-சி கிருமிகளைக் கொல்லப் பயன்படுவது. செடிப் பக்கம் அது வேண்டவே வேண்டாம். பி விளக்கு எரியும்போது கண்ணையும் தோலையும் மூடிக்கொள்ளுங்கள்.