சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுப் புறநகர் இருப்புப்பாதை

சென்னை நகரின் மையத்தைத் தெற்கு, தென்மேற்குப் புறநகர்களுடன் இணைக்கும் மின்தொடர்வண்டித் தடம். தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 60 கி.மீ. கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் ஆகியவை குறிப்பிடத்தக்க நிலையங்கள். பூங்கா நிலையம் சென்னை சென்ட்ரலுக்கும், திரிசூலம் விமான நிலையத்துக்கும் எதிரில் உள்ளன. தியாகராய நகர்க் கடைவீதிகளுக்கு வருவோர் இறங்கும் மாம்பலம் எப்போதும் நெரிசல் மிக்கது. எழும்பூர், கிண்டி, பரங்கிமலை ஆகிய இடங்களில் மெட்ரோவுக்கு மாறலாம்.

தென்னிந்திய ரயில்வே நிறுவனம் கடற்கரை – தாம்பரம் பகுதியை 1931இல் மின்மயமாக்கியது. இந்தியாவில் மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடியது இங்கேதான் முதன்முறை. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் தொடங்கிய இத்தடம், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் அகலப்பாதை படிப்படியாக அமைந்தது. மீட்டர் பாதைப் புறநகர்ச் சேவை 2004 ஜூலையில் முற்றிலும் நின்றது.

குரோம்பேட்டை, தாம்பரம் போன்ற ஊர்கள் குடியிருப்புப் பகுதிகளாகப் பெருகியதில் இத்தடத்தின் பங்கு பெரிது. தாம்பரத்துக்கு அப்பால் கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் பெருகியபின், காலையில் நகருக்குள் வருவோரைப் போலவே வெளியே செல்வோரும் மிகுந்துள்ளனர். நெரிசல் நேரத்தில் இது சாலையைவிட விரைவானது, கட்டணமும் குறைவு. குளிரூட்டப்பட்ட புறநகர் வண்டி 2025 ஏப்ரலில் இத்தடத்தில் அறிமுகமானது.