உடற்பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்: தாம்பரம் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உடல்நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடமே, உடலுக்கும் செலுத்த வேண்டிய கடமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. மருத்துவர் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். எதை, எவ்வளவு, எப்படிச் செய்வது என்பதைக் கற்றுத்தருபவர்தான் உடற்பயிற்சியாளர்.

தகுதியைக் கேளுங்கள்

மருத்துவருக்கு உள்ளதுபோல் பயிற்சியாளருக்கு அரசுப் பதிவு கட்டாயம் இல்லை. கட்டான உடல் இருந்தாலே பயிற்சியாளர் ஆகிவிட முடிகிறது. ஆகவே, எங்கே படித்தார் என்று கேட்பதில் தவறில்லை. 1920-இல் தொடங்கப்பட்டு இப்போது நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் என நம் பகுதிக்கு அருகிலேயே முறையாகப் படித்தவர்கள் உருவாகிறார்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள்.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளே எடை தூக்கச் சொல்ல மாட்டார். என்ன நோய், என்ன மாத்திரை, அறுவை சிகிச்சை நடந்ததா, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததுண்டா என்று விசாரிப்பார். தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். எதையும் கேட்காமல் மூன்று மாதக் கட்டணத்தை மட்டும் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு பயிற்சி?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், வாரத்தில் இரு நாட்களாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஜ்ருக்குப் பின் நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், ஐந்து நாட்களில் 150 நிமிடம் நிறைந்துவிடும். ஆனால் நடை மட்டும் போதாது. ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது தசைதான். எனவே தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையைச் சட்டெனக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது தாழ்சர்க்கரை ஏற்படலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே பயிற்சியை நிறுத்தி, சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இதை அறியாத பயிற்சியாளரிடம் சர்க்கரை நோயாளியை ஒப்படைக்கக் கூடாது.

நாற்காலித் தொழுகை

முழங்கால் வலியால் நாற்காலிக்கு மாறியவர்கள் நம் பள்ளிவாசல்களில் பெருகிவிட்டனர். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனால் பலருக்கு முழங்கால் தேய்மானத்துடன் தொடைத் தசையின் பலவீனமும் சேர்ந்திருக்கிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற எளிய பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்தால் தொடை வலுப்பெறும், வலியும் குறையக்கூடும். சிலர் மீண்டும் தரையில் ஸஜ்தா செய்யும் நிலைக்குத் திரும்பலாம். வீக்கம், கடும் வலி, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருந்தால் முதலில் போக வேண்டியது பிசியோதெரபிஸ்டிடம், பயிற்சியாளரிடம் அல்ல.

பெண்களுக்கு

வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி என்று நம் பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண் பயிற்சியாளர், பெண்களுக்கென்றே தனி நேரம், அந்த நேரத்தில் ஆண் ஊழியர் உள்ளே வராத ஏற்பாடு, கண்காணிப்புக் கேமரா எங்கே உள்ளது, அதன் பதிவை யார் பார்க்கிறார்கள் ஆகியவற்றைச் சேரும் முன்பே விசாரியுங்கள். "முன்பு - பின்பு" படங்களை விளம்பரத்துக்குக் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. தயங்காமல் மறுத்துவிடுங்கள். அண்டை வீட்டுப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு பெண் பயிற்சியாளரை வீட்டுக்கே வரவழைத்தால் செலவும் குறையும்.

ரமளானில்

மருந்து எடுப்பவர்கள் ரமளானுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு நேரத்தில் கடும் பயிற்சி வேண்டாம். எடைப் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தராவீஹும் உடலுழைப்புதான் என்பதைப் பயிற்சியாளர் கணக்கில் எடுக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

இளைஞர்களைப் பெற்றவர்களுக்கு

சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை உடனே விலக்குங்கள். அது இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். ஆண்மைக் குறைவும் ஏற்படலாம். புரோட்டீன் பவுடர் வாங்கினால் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, ஹலால் முத்திரை உண்டா என்று பாருங்கள். முட்டை, மீன், பருப்பு, கடலையிலேயே பெரும்பாலானோருக்குத் தேவையான புரதம் கிடைத்துவிடும்.

பயிற்சியாளர் வழிகாட்டலாம், வியர்வை சிந்த வேண்டியது நாம்தான். முதுமையிலும் பிறர் கையை எதிர்பார்க்காமல் நின்று தொழும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.