கியோட்டோவில் புறப்பட்ட ஊசி

1992 இல் யப்பானின் கியோட்டோவில், தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் உயிரணுக்கள் தாமாகச் சாவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தது. அகப்பட்ட மரபணுவுக்குச் சாவோடு சேர்த்தே பி.டி-1 என்று பெயர் வைத்தார்கள். பெயர் பிழைத்துவிட்டது, ஆனால் வேலை வேறு. வெள்ளணுக்கள் சொந்த உடலையே தாக்காமல் பிடித்து நிறுத்தும் பிரேக் அது. புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்தபடியே வளர்கிறது. மிதிக்கும் காலைத் தள்ளிவிடும் மருந்துதான் நிவொலுமாப்.

2014 இல் யப்பானில் தோல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நுரையீரலுக்கு வந்தது, அதுவும் நோய் முற்றியவர்களுக்கே. கத்திக்கு முன்னால் இதை ஏற்றிப் பார்த்த சிறு ஆய்வு 2018 இல் வெளியானது. கட்டியை வெட்டியெடுத்த 20 பேரில் 9 பேருக்கு, அதில் பத்திலொரு பங்குக்கு மேல் புற்றணு உயிரோடு மிஞ்சவில்லை.

கட்டி இருக்கிறதென்றால் உடனே வெட்டச் சொல்லித்தான் நாமும் கேட்போம். ஏன் காத்திருப்பது? கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து ஏறினால், வெள்ளணுக்களுக்கு அந்தக் கட்டியே அடையாள அட்டை. முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால், வெட்டிய பிறகு எங்கோ ஒளிந்திருக்கும் அணுக்களையும் தேடிப் பிடிக்கும். 358 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், கீமோவோடு சேர்த்து மூன்று வாரத்துக்கொன்றாக மூன்று தடவை ஏற்றியவர்களில் 24 வீதத்தினருக்கு வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றே இல்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அது 2.2 வீதம். 2022 மார்ச்சில் அமெரிக்கா இம்முறையை அனுமதித்தது.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. இந்தச் சிகிச்சையில் ஒரு தடவைக்கு 360 மில்லிகிராம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு வெறும் 20 மில்லிகிராமே ஆயுளைக் கூட்டியது. நுரையீரலுக்கும் அது போதுமென்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஏழை நாட்டுக்கு வழி அந்தப் பக்கந்தான் என்று நம்புகிறேன்.

இலங்கையில் நம் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் 27 நாள் நடந்து சேர்த்த காசில் எழுந்தது. அத்தனை பேரை நடக்கவைத்த தீவுக்கு இந்த ஊசியும் எட்டாததல்ல. எனக்குப் பயம் வேறிடத்தில். வெட்டக்கூடிய நிலையில் வருகிறவருக்கே இந்த மூன்று ஊசியும் பயன். போயிலைத் தோட்டத்திலும் சுருட்டுக் கொட்டிலிலும் வாழ்ந்த நம் ஐயாமார், மாதக்கணக்கான இருமலை “சளிதான் பிள்ளை” என்று கொத்தமல்லிக் குடிநீரோடு விழுங்கிவிடுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்க அவர்களை இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள்.