பத்துமலையும் பழங்கடலும்

கோலாலம்பூரின் வடபால் ஓங்கி நிற்கும் பத்துமலையை அறியாத மலேசியத் தமிழர் இலர். தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு முருக வழிபாடு தொடங்கியது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இவ்வரலாற்றை நம் மாணவர் நன்கு அறிவர். ஆயின், 272 படிகளைத் தாங்கி நிற்கும் அம்மலைக்கு மனிதர் வருகைக்கு முற்பட்ட வரலாறு ஒன்றும் உண்டு. அஃது ஒரு கடலின் வரலாறு ஆகும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘பத்து’ என்பது இங்கு எண்ணுப்பெயர் அன்று. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரை மலையும் பெற்றது. அக்கல் எத்தகையது? வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்புக்கு மூலமாகிய சுண்ணாம்புக் கல்லே அது. வேதியியலார் அதனைக் கால்சியம் கார்பனேட்டு என்பர். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு பவளமும் சிப்பியும் தம் கூடுகளையும் ஓடுகளையும் கட்டுகின்றன. அவை மடிந்தபின் எஞ்சுவன கடலடியில் படிவின்மேல் படிவாகச் சேர்ந்து, இறுகிப் பாறையாகின்றன. ஆகவே, சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் கடலுயிர்கள் எழுதிய ஏடு எனலாம்.

அவ்வேட்டைப் படிப்பது எளிதாக இருக்கவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு நிலவியலாராக 1903இல் பணியேற்ற ஸ்கிரிவனர் முதலியோர், இந்நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளைக் கார்பானிபெரசு, பெர்மியன் காலங்களுக்கு உரியனவாகக் கருதினர். அக்காலங்கள் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 36 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கோலாலம்பூர்ப் பாறையிலோ சான்று கிடைப்பது அரிது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் புகுந்த கற்குழம்பு, தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லாக உறைந்தது. அதன் வெம்மையால் அருகிலிருந்த சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாக மாறியது. அதனுள் இருந்த உயிர்ச்சுவடுகளும் பெரும்பாலும் அழிந்தன.

எனினும், முற்றும் அழியாத சில சுவடுகள் எஞ்சின. மலாயாப் பல்கலைக்கழக நிலவியலார் கோபெட், கோலாலம்பூரின் தொல்பாறைகள் பற்றிய தம் ஆய்வை 1964இல் வெளியிட்டார். பவளம் முதலிய கடலுயிர்களின் புதைபடிவங்கள், இப்பாறை சிலூரியன் காலத்தது எனக் காட்டின. அக்காலம் 44 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. எஞ்சிய சில சுவடுகள், மலையின் வயதைப் பல கோடி ஆண்டுகள் முன்தள்ளிவிட்டன!

அந்நாளில் இந்நிலம் இவ்விடத்தில் இல்லை. கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் ஓரத்தில், இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதியை ஒட்டி இது கிடந்தது என்பர் அறிஞர். தென்னிந்தியாவும் அப்பெருநிலத்தின் ஒரு பகுதியே. இதனைக் கேட்டவுடன் குமரிக்கண்டத்துக்குச் சான்று கிடைத்ததென மகிழ்தல் கூடாது. நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கு ஒன்றேனும் நடவாத காலம் அது. இலக்கியம் கூறும் கடல்கோளை இலக்கியச் சான்று கொண்டு ஆராய்க. பாறை கூறும் கடலைப் பாறைச் சான்று கொண்டு ஆராய்க. இரண்டையும் குழப்பினால் இரண்டும் நமக்கு விளங்கா.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. கோலாலம்பூரின் பெரும்பகுதி இப்பாறையின் மேலேயே அமைந்துள்ளது. மழைநீர் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. குகைகளும் நிலத்தடிப் பள்ளங்களும் அவ்வாறே உண்டாகின்றன. பத்துமலைக் கோயில் அமைந்த குகையும் நீர் குடைந்ததே. 1998இல் முடிவுற்ற பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைத் திட்டமிட்டபோது, நிலத்தடிப் பாறை ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் மிகத் தாழ்ந்தும் இருந்தமையால், அவற்றின் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் மாற்ற நேர்ந்தது.

சுண்ணாம்புப் பாறை பயன்மிக்கது. அதனாலேயே அழிவுக்கும் ஆளாகிறது. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில் கிடைத்த கடலுயிர்ப் புதைபடிவங்களை ஸ்டொலிச்கா என்னும் அறிஞர் ஆராய்ந்து 1873 வரை தொகுதிகளாக எழுதினார். அதே வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் இன்று சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கிறது. பத்துமலையின் பக்கங்களும் 1980களில் நிறுத்தப்படும்வரை கல்லுக்காக உடைக்கப்பட்டன. வீடும் சாலையும் வேண்டாமென யாரும் கூறார். ஆயினும், வெம்மைக்குத் தப்பிய சுவடுகளே சிலவாக இருக்கும்போது, வெடிக்கு இரையாகும் ஒவ்வோர் அடுக்கும் படிக்கப்படாமலே கிழிக்கப்பட்ட ஏடாகும். ஓலைச்சுவடிக்குப் படியெடுக்கலாம், பாறைக்குப் படியெடுக்க இயலாது.

எனவே, தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரைப் பத்துமலைக்கு அழைத்துச் செல்லும்போது, கோயில் வரலாற்றோடு மலையின் வரலாற்றையும் கூறுங்கள். வகுப்பறையில் சுண்ணாம்புக் கல் பொடியின்மேல் சிறிது காடி ஊற்றிக் காட்டுங்கள், குமிழிகள் எழும். பழங்கடல் தன் அடியில் சேர்த்து வைத்த கரியமில வாயுவே அது. குன்றுதோறும் ஆடும் குமரனைப் போற்றும் நாம், அக்குன்று எதனால் ஆனது என்பதையும் அறிந்து காத்தல் அவனுக்குச் செய்யும் வழிபாட்டுக்கு மாறானதன்று.