ஓமின் விதியும் மின்னளவையின் வரலாறும்

ஒரு பொருளை அளக்கக் கற்ற பின்னரே மனிதன் அதனை ஆளக் கற்றான் என்பது அறிவியல் வரலாறு உணர்த்தும் உண்மையாகும். மின்னைப் பொறுத்தவரை அவ்வளவைக்கு அடிப்படையிட்டவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துத் தடையையும், ஓட்டத்தாற் பெருக்கி வலுவையும் இன்றைய மாணவர் ஒரு வரியிற் கணித்துவிடுகின்றனர். அவ்வொரு வரி உருவாவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

1800 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா மின்கலவடுக்கை அமைத்தார். தொடர்ந்து பாயும் மின்னோட்டம் அதனாற் கிடைத்தது. ஆயின் அதனை அளக்குங் கருவி இருக்கவில்லை. அதற்கு முன்னர் ஆங்கில அறிஞர் கவெண்டிசு, தம் உடலில் மின்னைப் பாய்ச்சி, அதிர்ச்சியின் வன்மையைக் கொண்டே பொருள்களின் கடத்துந் திறனை ஒப்பிட்டிருந்தார். அம்முடிபுகளை அவர் வெளியிடாமையால், 1879 இல் மக்சுவெல் பதிப்பிக்கும்வரை உலகம் அவற்றை அறியவில்லை. 1820 இல் தென்மார்க்கு அறிஞர் ஏர்சுற்றெட்டு, மின்னோட்டங் காந்தவூசியைத் திருப்பும் எனக் கண்டார். அளவைக்கு வழி திறந்தது.

யோர்ச் சைமன் ஓம் 1789 இல் யேர்மனியின் ஏர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. தாமே கற்றுத் தம் மைந்தர்க்குக் கணிதம் புகட்டியவர். பல பாடசாலைகளிற் கற்பித்த ஓம், 1817 இல் கொலோன் நகரக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரியின் ஆய்வுகூடமே அவரின் ஆராய்ச்சிக் களமாயிற்று.

1825 இல் அவர் வெளியிட்ட முதல் விதி பிழையானது. அக்கால மின்கலங்கள் ஓட்டம் பாயப் பாய வலியிழந்தமையே அதற்குக் காரணம். பொக்கெண்டோவ் என்பார் கூறிய யோசனையை ஏற்று, மின்கலத்தை நீக்கிச் செம்பும் பிசுமதும் சேர்ந்த வெப்பவிணையை அவர் கையாண்டார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தமையால் அழுத்தம் மாறாது நின்றது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுடைய, ஒரே தடிப்பான 8 செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, இழையில் தொங்கிய காந்தவூசியின் திரும்பலை முறுக்குத் தராசால் அளந்தார். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் மற்றொரு மாறிலியை வகுக்க ஓட்டம் பெறப்படுமெனக் கண்டார். வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது வகுக்கப்படும் எண் மாறியது. கூட்டப்படும் எண் மாறவில்லை. முன்னையது சுற்றைச் செலுத்தும் விசை. பின்னையது சுற்றின் எஞ்சிய பகுதியின் தடை. 1826 இல் வெளியான இம்முடிபே ஓமின் விதி.

அரைச் சம்பளத்தில் விடுமுறை பெற்றுப் பேர்லின் சென்ற அவர், 1827 இல் தம் கொள்கையை நூலாக்கினார். அது பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத்தரும் என்னும் நம்பிக்கை பொய்த்தது. 1828 இல் கொலோன் பதவியையுந் துறந்தார். இலண்டன் இராயல் சங்கம் கொப்லிப் பதக்கம் அளித்தது 1841 இல். மியூனிக் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் பதவி கிட்டியது 1852 இல். ஈராண்டுகளில் அவர் காலமானார்.

வலுவின் வரலாறு இங்கிலாந்தைச் சார்ந்தது. மதுவடிப்போர் குடும்பத்திற் பிறந்த யூல், கம்பிச்சுருளை நீரில் அமிழ்த்தி வெப்பநிலை உயர்வை அளந்தார். ஒரு செக்கனில் வெளிப்படும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் விகிதசமமெனும் அவரது முடிபு 1841 இல் அச்சேறியது. ஓட்டத்தைத் தடையாற் பெருக்க அழுத்தம் வருமாதலின், இதனை ஓமின் விதியோடு பொருத்த, வலு அழுத்தத்தினதும் ஓட்டத்தினதும் பெருக்கமாகின்றது.

இவ்வளவைகளின் அருமையைத் தந்தித் தொழிலே உலகுக்கு உணர்த்தியது. 1858 இல் அத்திலாந்திக்குக் கடலடியில் இட்ட தந்தி வடம் சில வாரங்களிற் பழுதுற்றது. மிகையான அழுத்தத்தைச் செலுத்தியமை அதன் அழிவை விரைவுபடுத்தியது. 1861 இல் பிரித்தானியக் கழகம் தடைக்கு நியம அலகு வகுக்கக் குழு அமைத்தது. 1881 இல் பாரிசு மாநாடு ஓம், உவோற்று, அம்பியர் என்னும் அலகுகளை ஏற்றது; 1889 இல் உவாற்றும் ஏற்கப்பட்டது.

230 உவோற்றில் 100 உவாற்றுக் கொள்ளும் இழைவிளக்கொன்றை எடுத்துக்கொள்வோம். வலுவை அழுத்தத்தால் வகுக்க ஓட்டம் ஏறத்தாழ 0.435 அம்பியர், அழுத்தத்தை அவ்வோட்டத்தால் வகுக்கத் தடை 529 ஓம். ஆயின் குளிர்ந்த இழையின் தடையோ இதிற் பத்திலொரு பங்கிலுங் குறைவாகும். வெப்பமேற உலோகத்தின் தடையும் ஏறும். ஏற்றியவுடன் பெருகிப் பாயும் ஓட்டத்தால் நலிந்த இழை அறுவதும் இதனாலேயே. வெப்பநிலை மாறாதிருக்கவே ஓமின் விகிதம் மாறாதிருக்கும் என்னும் நிபந்தனையை மாணவர் மறத்தலாகாது.

பிழைபட்ட தம் முதல் விதியைத் தாமே திருத்தியமையே ஓமின் பெருமை. பாராட்டுப் பிந்தியே வந்தது. உலகெங்கும் தடை இன்று அவ்வாசிரியரின் பெயராலேயே அளக்கப்படுகின்றது.