ஒரே பொருளானவர்



ஞாயிறு திருப்பலியில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, இயேசு கிறிஸ்து தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்று அறிக்கையிடுகிறோம். இச்சொல் நமக்கு எளிதில் கிடைத்ததன்று.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு இருந்தார். தந்தை ஒருவரே தொடக்கமற்றவர். மகன் எவ்வளவு மேன்மையானவராயினும் படைக்கப்பட்டவரே என்று அவர் போதித்தார். கப்பலோட்டிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடும்படி இக்கொள்கையைப் பாட்டாகவும் கட்டினார் என்பர். ஆயர் அலெக்சாந்தர் அவரைக் கண்டித்தார். பிளவு பெருகவே, பேரரசர் கொன்ஸ்தந்தீன் 325-ஆம் ஆண்டு நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். இன்று அவ்வூர் துருக்கியிலுள்ள இஸ்னிக். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. அவர்களுள் சிலர் வேதகலாபனையின் தழும்புகளைத் தாங்கியவர்கள்.

வேதாகமச் சொற்களாலேயே உண்மையை வரையறுக்கச் சங்கத் தந்தையர் முதலில் முயன்றனர். மகன் "கடவுளிடமிருந்து வந்தவர்" என்றால், எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதாமே என்று ஆரியுஸ் தரப்பினர் அதற்கும் தலையாட்டினர். ஆகவே வேதாகமத்தில் இல்லாத, ஆனால் வேதாகமத்தின் கருத்தைக் காக்கும் கிரேக்கச் சொல்லொன்றைச் சேர்த்தனர்: "ஹோமோஊசியோஸ்", அதாவது ஒரே பொருளானவர்.

சங்கம் முடிந்தும் சச்சரவு ஓயவில்லை. "ஒத்த பொருளானவர்" என்றால் போதாதா எனப் பின்னர் பலர் கேட்டனர். கிரேக்கத்தில் இரு சொற்களுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. ஓரெழுத்துக்கா இத்தனை போராட்டம்? ஆம். படைக்கப்பட்ட ஒருவர் நம்மைக் கடவுளோடு இணைக்க முடியாது என்பதே புனித அத்தனாசியாரின் வாதம். மகன் கடவுள் அல்லரெனில் நமது மீட்பு எங்கே? அவர் பெயரால் பெற்ற ஞானஸ்நானம் எதற்கு?

328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான அவர், ஐந்து முறை தம் மறைமாவட்டத்தினின்று துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகள் மந்தையைப் பிரிந்திருந்தார். பேரரசரும் ஆயர் பலரும் அவரைக் கைவிட்ட காலத்தில், எகிப்தின் பாலைவனத் துறவிகள் அவரை ஒளித்துக் காத்தனர். 373-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். வெற்றியை அவர் கண்ணால் காணவில்லை. 381-இல் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை உறுதிசெய்து, தூய ஆவியாரும் தந்தையோடும் மகனோடும் ஆராதனைக்குரியவர் என்று அறிக்கையிட்டது. 451-இல் கல்செதோன் சங்கம், இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்று தெளிவுபடுத்தியது.

நிசேயா சங்கம் கூடி 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. கோவிலின் கற்சுவரைவிடப் பழமையான செல்வம் இவ்விசுவாசம். யூபிலி காணும் நாம், இனி அச்சொல்லை வாய்ப்பாடாக ஒப்பிக்காமல், அதற்காகத் துன்புற்றோரை நன்றியோடு நினைந்து சொல்வோமாக.